ஃபேஷன் தொழிலுக்கு ஒரு பொதுக் கட்டடம்: கட்டிங் மேசையிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

ஒரு நகரம் தன் ஃபேஷன் துறைக்கென்று கட்டடம் கட்ட முடிவெடுத்தால், பெரும்பாலும் முதலில் வரையப்படுவது ராம்ப் மேடைதான். பளபளக்கும் முகப்பு, உயரமான அரங்கு, நடுவில் நீளமாக ஒரு மேடை. படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஃபேஷன் வாரம் என்பது ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை, சில நாட்கள் மட்டும் நடப்பது. மிச்ச நாளெல்லாம் இந்தத் தொழில் பேட்டர்ன் தாள் (ஆடையின் ஒவ்வொரு பாகத்தையும் வெட்டுவதற்கான அளவு மாதிரி), துணி ரோல், தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி இவற்றுக்கு நடுவில்தான் நடக்கிறது. அந்த அன்றாட வேலைக்கு இடம் தராத கட்டடம் வெறும் விழா மண்டபமாகவே நின்றுவிடும்.

அதனால் இங்கே வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். கட்டிங் மேசையில் தொடங்கி, அறை அறையாக வெளியே வந்து, மேடையையும் முகப்பையும் கடைசியில் தொடுகிறோம். கட்டடக் கலைஞர்கள், நகராட்சிப் பொறியாளர்கள், இப்படி ஒரு கட்டடம் வேண்டுமென்று கேட்கப்போகும் வடிவமைப்பாளர்கள், தையல் தொழிலாளர்கள் எல்லோருக்கும் இது பயன்படும்.

படி 1: ஒரு ஆடையின் பின்னாலேயே நடந்து போங்கள்

கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தால் பெயர்பெற்ற வடிவமைப்பாளர்கள் வருவார்கள், பேசுவார்கள். கட்டிங் மாஸ்டர் வரமாட்டார். அவருக்கு அன்றைக்கு வேலை இருக்கும். எம்பிராய்டரி போடுபவர், பட்டன் காஜா எடுப்பவர், பழைய துணியைச் சரிசெய்து தருபவர், ஆடையைத் தூக்கிக்கொண்டு ஓடும் உதவியாளர் யாரும் வரமாட்டார்கள். அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கு நீங்கள்தான் போக வேண்டும்.

போனதும் ஒரே ஒரு ஆடையைப் பிடித்துக்கொள்ளுங்கள். துணி எங்கே வாங்கப்படுகிறது, யார் தூக்கி வருகிறார், எங்கே வெட்டுகிறார்கள், எம்பிராய்டரிக்கு எத்தனை இடம் தாண்டிப் போகிறது, முதல் சாம்பிளை யார் போட்டுப் பார்க்கிறார், எங்கே படம் எடுக்கிறார்கள் என்று கடைசி வரை பின்தொடருங்கள். எங்கெல்லாம் காத்திருக்க வேண்டியிருக்கிறது, எங்கெல்லாம் அலைய வேண்டியிருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன பிராண்டால் தனியாக வாங்க முடியாத மெஷின்கள் எவை என்பதும் இப்போதே தெரிந்துவிடும்: காஜா மெஷின், மடிப்புப் போடும் மெஷின், துணியில் நேரடியாக அச்சடிக்கும் பிரிண்டர், பெரிய கட்டிங் மேசை. பொதுக் கட்டடத்தில் என்ன இருக்க வேண்டும் என்ற பட்டியலில் பாதி இதுதான்.

படி 2: இடத்தைத் தேர்ந்தெடுப்பது

துணிச் சந்தைக்கும் தையல் கூடங்களுக்கும் நடந்து போகும் தூரத்தில் கிடைக்கும் சுமாரான மனை, நகரத்தின் இன்னொரு மூலையில் கிடைக்கும் அழகான மனையைவிட மேலானது. சியோல் நகரத்து டோங்டேமுன் டிசைன் பிளாசா இதற்கு நல்ல சாட்சி. ஸஹா ஹதீத் வடிவமைத்து 2014-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் வளைந்த உடலையும், சுமார் 45 ஆயிரம் அலுமினியத் தகடுகளையும்தான் சொல்வார்கள். ஆனால் அது இருக்கும் இடம்தான் அதன் உண்மையான பலம். சுற்றிலும் விடிய விடிய நடக்கும் மொத்த விற்பனைச் சந்தைகள். பக்கத்து மேட்டுத் தெருக்களில் சின்னச் சின்னத் தையல் கூடங்கள். இரண்டுக்கும் நடுவில் துணி மூட்டையோடு ஓடும் மோட்டார் சைக்கிள்கள். சியோல் ஃபேஷன் வாரம் அங்கே நடப்பது அந்தச் சூழலோடு பொருந்திப் போகிறது.

பழைய கிடங்கோ ஆலையோ கிடைத்தால் புதிதாகக் கட்டுவதற்கு முன் அதை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். உயரமான கூரை, அகலமான தூண் இடைவெளி, பாரம் தாங்கும் தரை, பெரிய ஜன்னல் என்று நமக்கு வேண்டியதெல்லாம் பெரும்பாலும் அங்கே ஏற்கெனவே இருக்கும். பாரிஸில் சேன் நதிக்கரையில் 1907-இல் கட்டிய கான்கிரீட் கிடங்கைத்தான் ஜேக்கப் + மக்ஃபார்லேன் நிறுவனம் பச்சை நிறக் கண்ணாடியும் எஃகுமான புதுப் போர்வையோடு ஃபேஷன், வடிவமைப்பு மையமாக மாற்றியது.

படி 3: யார் யாரோடு ஒரே கூரையில்?

பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரத்து மோடநாட்டி கட்டடம் 2002-இல் திறந்தபோது, ஃபேஷன் அருங்காட்சியகமும் ராயல் அகாடமி என்ற கலைக் கல்லூரியின் ஃபேஷன் துறையும் ஒரே கூரைக்குக் கீழே வந்தன. பழைய கட்டடத்தை மாற்றியமைத்தவர் மரி ஜோசே வான் ஹே. படிக்கிற பிள்ளை படியிறங்கி வந்தால் நூறு வருடப் பழைய ஆடையின் தையலைப் பார்க்கலாம் என்ற அந்த நெருக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பாரிஸின் விளிம்பில் ரூடி ரிச்சியோட்டி வடிவமைத்த ல 19எம் வேறு மாதிரி. அது ஷனேல் நிறுவனம் கட்டிய தனியார் கட்டடம். எம்பிராய்டரி, இறகு வேலை, தொப்பி, காலணி, துணி மடிப்பு எனப் பல கைத்தொழில் கூடங்களையும் சுமார் 600 கைவினைஞர்களையும் ஒன்றாகக் கூட்டி, கீழ்த்தளத்தில் பொதுமக்களுக்கு ஒரு காட்சிக்கூடமும் வைத்திருக்கிறார்கள்.

உங்கள் அறைப் பட்டியலை எழுதும்போது ஒவ்வொரு அறைக்கும் நான்கு கேள்விகள் கேளுங்கள். சத்தம் போடுமா? ஈரமா, அழுக்கா? எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாமா? சத்தமும் ஈரமும் உள்ள அறைகள் ஒரு பக்கம், அமைதியும் இருட்டும் வேண்டிய அறைகள் இன்னொரு பக்கம், நடுவில் எல்லோரும் நடமாடும் இடம் என்று வரைபடம் தானாகவே உருவெடுக்கத் தொடங்கும். பரப்பளவில் பாதியாவது செய்யும் வேலைக்குப் போக வேண்டும் என்பது என் கணக்கு. அதற்குக் கீழே இறங்கினால் அரங்கும் உணவகமும் கடையும் மிச்சத்தை விழுங்கிவிடும்.

படி 4: கட்டிங் மேசை

கட்டடத்தின் அடிப்படை அளவுகோல் இதுதான். துணி பெரும்பாலும் 115 அல்லது 150 சென்டிமீட்டர் அகலத்தில் வருகிறது. 150 சென்டிமீட்டர் துணியை விரித்து, இரண்டு ஓரத்திலும் ஸ்கேலும் கத்தரியும் வைக்க இடம் விட்டால் மேசை 180 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். நீளம் குறைந்தது 3 மீட்டர். சில மேசைகளையாவது ஒன்றோடொன்று சேர்த்து 6 மீட்டராக்க முடிய வேண்டும். உயரம் சுமார் 90 சென்டிமீட்டர். ஆனால் வெட்டுபவர் குட்டையாகவும் இருப்பார், நெட்டையாகவும் இருப்பார். உயரத்தை மாற்றும் கால் வையுங்கள். நாள் முழுக்கக் குனிந்து வெட்டும் முதுகுக்குத்தான் ஐந்து சென்டிமீட்டர் ஏற்ற இறக்கத்தின் அருமை தெரியும்.

மேசையைச் சுற்றி நான்கு பக்கமும் நடக்க வழி இருக்க வேண்டும். ஒருவர் வெட்டிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் ரோலைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் போக 120 சென்டிமீட்டர் தேவை. மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்ட வரைபடம் வந்தால் உடனே திருப்பி அனுப்பிவிடுங்கள். மின்சாரம் மேலேயிருந்து இறங்க வேண்டும். தரையில் பிளக் வைத்தால் கட்டிங் மெஷினின் ஒயர் துணி மேல் புரளும், காலையும் தடுக்கும். கூரையில் ஓடும் மின்தடத்தில் நகரும் இணைப்பு வைத்தால் மெஷின் போகிற இடமெல்லாம் ஒயரும் கூடவே வரும்.

அப்புறம், பேட்டர்ன்கள். கெட்டி அட்டையில் வெட்டிய பேட்டர்னை மடிக்க முடியாது. கொக்கியில் தொங்கவிடத்தான் வேண்டும். ஒவ்வொரு மேசைக்கும் கைக்கெட்டும் தூரத்தில் ஆளுயரத் தொங்கு கம்பி வையுங்கள்.

படி 5: வெளிச்சம்

இந்தக் கட்டடத்தில் கட்டடக் கலைஞரின் திறமை முழுக்கத் தெரிவது வெளிச்சத்தில்தான். ஏனென்றால் எதிரெதிரான இரண்டு தேவைகள் ஒரே வீட்டில் குடியிருக்கப் போகின்றன. தையலுக்கும் பேட்டர்ன் வரைவதற்கும் ஐரோப்பியத் தர அளவு 750 லக்ஸ் (ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு). நிறத்தைச் சரிபார்க்கும் இடத்தில் 1000. பழைய ஆடைகளைக் காட்சிக்கு வைக்கும் இடத்திலோ 50 லக்ஸுக்கு மேல் கூடாது என்பது அருங்காட்சியகங்களின் வழக்கம். சாயம் மங்குவதும் பட்டு இற்றுப்போவதும் திரும்பிச் சரிசெய்ய முடியாத சேதம்.

வெயிலில் இருந்து நேராக 50 லக்ஸ் அறைக்குள் நுழைந்தால் கண் இருட்டிக்கொள்ளும், பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. இடையில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் குறையும் நடை ஒன்றை வையுங்கள். கண் பழகிவிட்டால் அந்த மங்கல் வெளிச்சத்திலேயே ஜரிகையின் ஒவ்வொரு இழையும் தெரியும்.

வேலைக் கூடத்துக்கு நேர் வெயில் விழாத, சீரான இயற்கை வெளிச்சம் வேண்டும். வட அரைக்கோளத்தில் அது வடக்கு ஜன்னல். ஆனால் நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் ஆண்டின் சில மாதங்கள் வடக்குச் சுவரிலும் வெயில் விழும். ஆகவே அங்கே வடக்கு ஜன்னலுக்கும் வெயில் மறைப்பு தேவை. கூரையில் ரம்பப் பல் போன்ற வடிவில் ஜன்னல் வைப்பது பழைய ஆலைகளின் முறை. இன்றைக்கும் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

விளக்கு வாங்கும்போது வாட் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு ஒரு குறியீட்டெண் உண்டு. அது 90-க்குக் குறையக் கூடாது. ஒரே சிவப்பு என்று நினைத்துத் தைத்த துணியும் பட்டனும் வெளியே போனதும் இரண்டு சிவப்பாகத் தெரிவது இந்தத் தொழிலில் எல்லோரும் பட்ட பாடு. இரண்டு சாயங்கள் ஒரு விளக்கில் ஒத்துப்போய், இன்னொரு விளக்கில் பிரிந்து நிற்கும். அதனால் ஒவ்வொரு தளத்திலும் சாம்பல் நிறச் சுவர்களோடு, பகல் வெளிச்சத்துக்கு இணையான 6500 கெல்வின் விளக்கும் மஞ்சள் விளக்கும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் சின்ன அறை ஒன்று இருக்கட்டும். வேலைக் கூடத்தின் சுவருக்கு அடர்ந்த நிறம் வேண்டாம். ஆரஞ்சு சுவருக்கு முன்னால் வெள்ளைத் துணி வெள்ளையாக இருக்காது.

படி 6: தரையும் பாரமும்

2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் என்று கட்டிய கட்டடத்தில், அனுமதி இல்லாத கூடுதல் தளங்களை ஏற்றி, மெஷின்களையும் கனத்த ஜெனரேட்டர்களையும் வைத்து ஆடைத் தொழிற்சாலைகள் நடத்தினார்கள். முந்தைய நாளே விரிசல் தெரிந்தும் தொழிலாளர்களை உள்ளே வரச் சொன்னார்கள். ஃபேஷனுக்காகக் கட்டடம் வரையும் எவரும் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் பென்சிலை எடுக்க வேண்டும்.

அலுவலகத் தரை பொதுவாகச் சதுர மீட்டருக்கு 250 கிலோ அளவு பாரத்துக்கு வடிவமைக்கப்படுகிறது. வேலைக் கூடத்துக்கு அதைப்போல் இரண்டு மடங்கு கேளுங்கள். துணி ரோல் கிடங்குக்கும், பழைய ஆடைகளைப் பாதுகாக்கும் காப்பகத்தில் தண்டவாளத்தில் நகரும் அலமாரிகளுக்கும் நான்கு மடங்கோ அதற்கு மேலுமோ தேவைப்படும். சரியான எண்ணைக் கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டுச் சொல்லட்டும். சொன்ன எண்ணை அந்தந்தத் தளத்தின் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வையுங்கள். பத்து வருடம் கழித்து யாரோ ஒரு கனமான மெஷினை மாடிக்கு ஏற்ற நினைக்கும்போது அந்த எழுத்து பேச வேண்டும்.

படி 7: ஆவி, சாயம், பஞ்சு, நெருப்பு

இஸ்திரி மேசைகளுக்கு நீராவியும், அடியில் காற்றை உறிஞ்சும் மோட்டாரும் வேண்டும். மோட்டாரை அறைக்கு வெளியே வையுங்கள். அதன் இரைச்சலில் எட்டு மணி நேரம் யாரும் இருக்க முடியாது. பாய்லருக்குத் தனி அறை, வெளிச்சுவர், தவறாத பரிசோதனை. சாய அறையில் தரை சரிவாக, வடிகால் தனியாக இருக்க வேண்டும். சாயத் தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போகவே கூடாது. தொட்டியில் தேக்கி, கார அமிலத் தன்மையைச் சரிசெய்து, உள்ளூர் விதிப்படி சுத்திகரித்த பிறகே வெளியேற்ற வேண்டும். சுத்திகரிக்க வசதி இல்லையென்றால் சாய அறையே வேண்டாம்.

தையல் நடக்கும் இடத்தில் பஞ்சுத் தூசி பறக்கும். விளக்கு மேலும் குழாய் மேலும் படியும், சீக்கிரம் தீப்பிடிக்கும். மேற்பரப்புகளைத் துடைக்க எளிதாக, கூரைக் குழாய்களைக் கைக்கெட்டும்படி அமையுங்கள்.

1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலைத் தீயில் 146 பேர் மாண்டார்கள். நெருப்பு தொடங்கியது வெட்டுத் துண்டுகள் போடும் தொட்டியில். ஒன்பதாம் தளத்தில் ஒரு கதவு பூட்டியிருந்தது. திருட்டைத் தடுக்க என்று போட்ட பூட்டு. ஆகவே வெட்டுத் துண்டுகளுக்கு மூடியுள்ள உலோகத் தொட்டி வையுங்கள், தினமும் காலி செய்யுங்கள். ஒவ்வொரு கூடத்திலிருந்தும் இரண்டு திசையில் வெளியேற வழி, வெளிப்பக்கம் திறக்கும் கதவு, உள்ளிருந்து தள்ளினாலே திறக்கும் தாழ். விலையுயர்ந்த துணி இருக்கிறது, பூட்டத்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால், துணிக்குப் பூட்டுள்ள அலமாரி கொடுங்கள், கதவுக்குப் பூட்டு கொடுக்காதீர்கள்.

படி 8: மேடையும், மேடைக்குப் பின்னாலும்

ஒரு ஷோ பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கான தயாரிப்பு காலையிலேயே தொடங்கும். அதனால் அரங்குக்கு எவ்வளவு இடமோ, ஏறக்குறைய அவ்வளவு இடம் பின்னாலும் வேண்டும். அரங்கில் தூண் கூடாது. விளக்குச் சட்டத்துக்குக் கீழே 6 மீட்டராவது உயரம் வேண்டும். பார்வையாளர் இருக்கைகள் மடிந்து சுவருக்குள் போய்விட வேண்டும். நிரந்தர ராம்ப் கட்டாதீர்கள். தட்டையான தரையாக விட்டால் மற்ற நாட்களில் அங்கே சந்தை நடக்கும், வகுப்பு நடக்கும், கண்காட்சி நடக்கும். நடைபாதையின் எதிர்முனையில் புகைப்படக்காரர்களுக்குப் படிப்படியான மேடையை மட்டும் மறக்க வேண்டாம்.

பின்னறையில் மின்சாரக் கணக்கைக் கவனமாகப் போடுங்கள். ஒரே நேரத்தில் 20 முடி உலர்த்திகள், ஒவ்வொன்றும் 2 கிலோவாட் என்றால் அதுவே 40 கிலோவாட். ஷோ தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஃப்யூஸ் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாடல்கள் உடை மாற்றத் தடுப்புள்ள தனி இடம் கட்டாயம். கேமராவுக்கு அங்கே வழியே இருக்கக் கூடாது. பெரும்பாலும் இளம் வயதினர் அவர்கள். அவர்களுடைய கண்ணியம் வரைபடத்திலேயே உறுதியாக வேண்டும்.

படி 9: காப்பகம்

ஆடைகளின் காப்பகத்தை அடித்தளத்தில் வைத்தால் வெள்ளம், மேல்தளத்தில் வைத்தால் கசிவும் வெப்பமும். நடுத்தளத்தில், வெளிச்சுவர் இல்லாமல், மேலே தண்ணீர்க் குழாய் ஓடாமல் வையுங்கள். ஈரப்பதம் சுமார் 50 விழுக்காட்டில் ஏறி இறங்காமல் நிற்க வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட அது நிலையாக இருப்பதுதான் துணிக்கு நல்லது. மணி கோத்த கனமான ஆடையும் துணியை மூலைவாட்டில் வெட்டித் தைத்த ஆடையும் தொங்கினால் தன் எடையாலேயே இழுபட்டுப் போகும். அவற்றைப் படுக்க வைக்க அகலமான இழுப்பறைகள் தேவை. புதிதாக வரும் கம்பளி, பட்டு எல்லாவற்றையும் பூச்சிக்காக முதலில் மைனஸ் 30 டிகிரியில் மூன்று நாள் உறைய வைப்பது அருங்காட்சியகங்களின் நடைமுறை. அந்த உறைபெட்டிக்கு, காப்பகக் கதவுக்கு வெளியே ஒரு சின்னத் தனி அறை ஒதுக்குங்கள்.

படி 10: தெருவோடு சேர்த்தல்

முகப்பைப் பற்றி ஒவ்வொருவருக்கும் ஒரு ரசனை. எனக்கு வேண்டியது ஒன்றுதான்: தெருவில் போகிறவருக்கு உள்ளே நடக்கும் வேலை தெரிய வேண்டும். தரைத்தளத்தில் தெருப் பக்கமாகத் துணி பழுதுபார்க்கும் கவுன்டரை வையுங்கள். கிழிந்த சட்டையோடு வருகிறவருக்கு ஃபேஷன் கட்டடத்துக்குள் நுழையக் கூச்சம் இருக்காது. அந்தக் கவுன்டர் வழியாகவே அவர் மேலே கண்காட்சிக்கும் போவார்.

டிரையல் ரூம்களில் சிலவற்றிலாவது சக்கர நாற்காலி முழுவட்டம் திரும்ப 150 சென்டிமீட்டர் விட்டம் வேண்டும். உட்கார பெஞ்சும் பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருக்கட்டும். விளக்கு தலைக்கு மேலே மட்டும் இருந்தால் முகத்திலும் உடம்பிலும் நிழல் விழும். கண்ணாடியின் இரு பக்கமும் வையுங்கள்.

படி 11: வாடகையும் நேரமும்

இது வரைபடத்தில் வராது, ஆனால் கட்டடம் பிழைப்பது இதில்தான். மேசைகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுங்கள். மாதக் கணக்கென்றால் பணம் உள்ளவர் பிடித்துக்கொண்டு பூட்டிவிடுவார். தொழில் இரவில் நடக்கும் நகரமென்றால் கட்டடமும் இரவில் திறந்திருக்க வேண்டும். அதற்கேற்ற தனி வாசல், காவல், கழிப்பறை எல்லாம் வரையும்போதே சேர்த்துவிடுங்கள். மெஷின்களைப் பார்த்துக்கொள்ள முழுநேர மெக்கானிக் ஒருவர் கட்டாயம். அவர் இல்லாத பொதுக் கூடங்களில் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓரங்கட்டப்பட்டுவிடும்.

படி 12: ஒப்படைக்கும் முன்

ஒப்பந்தக்காரர் சாவியைத் தருவதற்கு முன் சில சோதனைகளை நீங்களே செய்யுங்கள். முழுக்க ஆடை தொங்கும் சக்கர ரேக்கை வண்டியிலிருந்து இறக்கி, சரக்கு லிஃப்டில் ஏற்றி, மேல்தளம் வரை தள்ளிக்கொண்டு போங்கள். எந்த வாசற்படியிலும் சக்கரம் முட்டக் கூடாது, எந்தத் திருப்பத்திலும் ரேக்கைச் சாய்க்க வேண்டியிருக்கக் கூடாது. 180 சென்டிமீட்டர் துணி ரோலைக் கிடைமட்டமாகத் தூக்கிக்கொண்டு அதே வழியில் இருவர் நடக்கட்டும். பின்னறையில் எல்லா உலர்த்திகளையும் ஒன்றாகப் போடுங்கள். தீ எச்சரிக்கை மணியை அடித்து, எல்லா மெஷின்களும் ஓடும்போது அது கேட்கிறதா என்று பாருங்கள். ஒரு கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டு நாள் முழுக்க அங்கே வேலை செய்யச் சொல்லி, அதற்குக் கூலியும் கொடுங்கள். மாலையில் அவர் சொல்லும் குறைகளை எழுதி, இறுதித் தொகையைக் கொடுப்பதற்கு முன்பே சரிசெய்யச் சொல்லுங்கள். முதல் ஆண்டில் பயன்படுத்துகிறவர்கள் கேட்கப்போகும் மாற்றங்களுக்கென்று மொத்தச் செலவில் ஒரு பங்கையும் தனியாக ஒதுக்கி வையுங்கள்.